கணினியை மாற்றுவதற்கு முன் திரையைக் கொஞ்சம் பாருங்கள்



பாடசாலைக் கணினிக்கூடத்துக்குப் புதுக் கணினிகள் வாங்கக் காசு சேர்க்கும் பேச்சு வட்ஸ்அப் குழுக்களில் ஓடுகிறது. சேர்ப்பவர்களின் நிய்யத் நல்லது, அதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தக் கூடத்தில் தினமும் பிள்ளைகளோடு நிற்பவர்கள் நாங்கள். காசு கைமாறும் முன் சிலதைச் சொல்லியாக வேண்டும்.

விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவை மைக்ரோசொப்ட் 2025 ஒக்டோபர் 14உடன் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 போட ரிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். எங்கள் பழைய கணினிகளில் அது இல்லை. "அப்ப எல்லாத்தையும் மாத்தத்தானே வேணும்" என்கிறார்கள். கணினிகள் இன்னும் நன்றாகத்தான் வேலை செய்கின்றன. லினக்ஸ் போட்டால் பாதுகாப்பு இற்றைப்படுத்தல்களும் வரும், அனுமதிப்பத்திரச் செலவும் இல்லை.

இதைச் சொன்னதும் ஒரு பெற்றார் கேட்டார்: "பிள்ளையள் ஸ்டார்ட் பட்டனத் தேடிக் குழம்பிடுவாங்களே சேர்?" நியாயமான கேள்வி. ஆனால் 2012இல் விண்டோஸ் 8 வந்தபோது அந்தப் பட்டனை எடுத்ததே மைக்ரோசொப்ட்தான். சனம் சத்தம் போட, அடுத்த வருடம் 8.1இல் திரும்ப வைத்தது. விண்டோஸ் 11இல் அதை நடுவுக்கு நகர்த்தியிருக்கிறது. பட்டன் இருக்கும் இடத்தை மனப்பாடம் செய்த பிள்ளைக்கு ஒவ்வொரு தடவையும் குழப்பம்தான்.

கூடத்தில் நாங்கள் பார்க்கும் குழப்பம் வேறு. உயர்தர ஐசிரி மாணவன் கடந்தகால வினாத்தாளை ஒரு சாளரத்தில் திறக்கிறான், பைத்தனை இன்னொன்றில். ஒன்று மற்றதை மூடிவிடுகிறது. கேள்வியை வாசித்து, சாளரம் மாற்றி, இரண்டு வரி எழுதி, மறந்து, திரும்ப மாற்றுகிறான். "சேர், வினாத்தாளக் காணல்ல!" ஒரு பாடவேளைக்குள் இதைப் பல தடவை கேட்கிறோம். வினாத்தாள் எங்கும் போகவில்லை, அடியில் கிடக்கிறது.

மேசையில் கடதாசிகளை ஒன்றின்மேல் ஒன்றாகப் போடுவது போன்ற இந்த அமைப்பு 1970களில் அமெரிக்காவின் செரொக்ஸ் ஆய்வுகூடத்தில் உருவானது. இது ஒரு தெரிவு மட்டுமே. 1985இல் வந்த முதலாவது விண்டோஸில் சாளரங்கள் தரைக்கு ரைல்ஸ் பதித்தது போல பக்கத்தில் பக்கத்தில்தான் நின்றன. ஒன்றின்மேல் ஒன்று ஏறும் வழக்கம் 1987இல் விண்டோஸ் 2உடன் அங்கே வந்தது.

அந்தப் பழைய முறையை லினக்ஸில் சிலர் விடாமல் வளர்த்திருக்கிறார்கள். 2006இல் டிடபிள்யூஎம், 2009இல் ஐ3. இவற்றில் சாளரத்தை யாரும் இழுத்துத் திரிய வேண்டியதில்லை. ஒன்றைத் திறந்தால் முழுத்திரை. இரண்டாவதைத் திறந்தால் முதலாவது நகர்ந்து பாதி இடம் கொடுக்கும். ஒன்றை மூடினால் மற்றது அந்த இடத்தை நிரப்பும். ஸஃப்பில் ஒருவர் வந்து சேரும்போதும் விலகும்போதும் நாம் செய்வதுதான். மேலதிக அலங்காரம் இல்லாததால் குறைந்த நினைவகமுள்ள கணினியிலும் சுறுசுறுப்பாக இயங்கும்.

பழைய கணினி ஒன்றில் ஐ3 போட்டுப் பார்த்தோம். முதல் நாள் படுதோல்வி. வெறும் கறுப்புத் திரை, மெனு இல்லை, ஐகன் இல்லை. விண்டோஸ் கீயையும் என்டரையும் சேர்த்து அழுத்த வேண்டும் என்று தெரியாதவனுக்கு அது செத்த கணினி. தமிழ் கீபோர்டையும் நாங்களே எழுதிச் சேர்க்க வேண்டியிருந்தது. பாமினியில் பழகிய எங்களுக்கு அது தனித் தலையிடி! சிறிய திரையில் மூன்று சாளரங்கள் வைத்தால் ஒன்றையும் ஒழுங்காக வாசிக்கவும் முடியாது. ஆனால் இரண்டாம் வாரம், கீகள் கைக்கு வந்த உயர்தரப் பிள்ளைகள் வினாத்தாளை இடப்பக்கமும் பைத்தனை வலப்பக்கமும் வைத்துக்கொண்டு மவுஸைத் தொடாமல் எழுதினார்கள். அந்தக் கணினிக்கு இப்போது போட்டி.

ஆகவே ஐ3ஐ ஆறாம் வகுப்புப் பிள்ளையின் தலையில் கட்டச் சொல்லவில்லை. சின்ன வகுப்புகளுக்கு மெனுவும் ஐகனும் உள்ள எக்ஸ்எப்சிஈ போன்ற இலேசான லினக்ஸ் திரை போதும். அதிலும் சாளரத்தை ஓரத்துக்கு இழுத்தால் பாதித் திரையில் ஒட்டிக்கொள்ளும். ஐ3 உயர்தரத்துக்கு, அதுவும் விரும்பினால். அலுவலகங்களில் விண்டோஸ்தான் கேட்பார்கள் என்பதும் உண்மை. எனவே இரண்டு மூன்று புதுக் கணினிகள் வாங்குவோம். மிச்சக் காசில் பழையவற்றுக்கு எஸ்எஸ்டியும் பெரிய திரைகளும் போடலாம். பிள்ளைக்கு உண்மையில் குறைவாக இருப்பது திரையில் இடம்.

வீட்டில் விண்டோஸ் வைத்திருப்பவர்கள் இன்றே ஒன்று செய்து பாருங்கள். விண்டோஸ் கீயை அழுத்திக்கொண்டு இட அம்புக்குறியைத் தட்டுங்கள், பிறகு மற்றச் சாளரத்தில் வல அம்புக்குறி. 2009இல் வந்த விண்டோஸ் 7இலிருந்து இது இருக்கிறது. எங்களில் சிலருக்கே இந்த வருடம்தான் தெரியும், வெட்கம்தான்.

இன்ஷா அல்லாஹ், வரும் ஞாயிறு அஸருக்குப் பிறகு கணினிக்கூடம் திறந்திருக்கும். காசு தருபவர்களும் சேர்ப்பவர்களும் வந்து அந்த ஐ3 கணினியில் கொஞ்ச நேரம் இருந்து பாருங்கள். எத்தனை புதுக் கணினி என்பதை அங்கேயே பேசுவோம். பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள், கீகளை அவர்களே சொல்லித் தருவார்கள்.