முகமாலையில் இறந்தவர்களின் பட்டியல் எங்கே?

2006 ஒக்டோபர் 11 காலை யாழ் குடாநாட்டின் முகமாலை முன்னரங்கில் தொடங்கிய சண்டை சில மணித்தியாலங்களில் ஓய்ந்தது. இராணுவத் தரப்பில் மட்டும் 129 பேர் பலியானதாகச் செய்தி வந்தது. களத்தில் கிடந்த உடல்களில் எழுபதுக்கு மேற்பட்டவற்றைப் புலிகள் செஞ்சிலுவைச் சங்கத்தினூடாகக் கையளித்தார்கள். இவ்வளவு உயிர் போயும் அரண் வரிசை இருந்த இடத்திலேயே இருந்தது.

ஐந்து நாள் கழித்து, திகம்பத்தனையில் கடற்படையினரின் பஸ் வரிசைமீது வெடிமருந்து லொறி மோதியது. விடுமுறையில் போய்வந்த ஏறக்குறைய நூறு பேர் செத்தார்கள். அவர்களில் பலர் திருகோணமலையிலிருந்து புறப்பட்டவர்கள். முகமாலைச் சண்டையும் திருகோணமலையின் பாலையூற்று மக்களுக்கு எட்டத்துச் சங்கதி அல்ல. அந்த ஓகஸ்டில் முகமாலைப் பாதை மூடப்பட்டதும், குடாநாட்டுச் சனங்கள் கப்பலேறி வந்து இறங்கியது திருகோணமலைத் துறைமுகத்தில்தான். முன்னரங்குக்குப் போன படையினரில் பலரும் இங்கிருந்தே காங்கேசன்துறைக்குக் கப்பலேறினார்கள்.

2000 ஏப்ரலில் ஆனையிறவு வீழ்ந்த பின், கிளாலி, முகமாலை, நாகர்கோவில் என்று குடாநாட்டின் கழுத்தை அறுத்தபடி அந்த அரண் வரிசை அமைந்தது. இருபுறமும் மண் அணை, பதுங்குகுழி. நடுவே மிதிவெடி விதைத்த சூனியப் பிரதேசம். ஷெல்லடியில் தலையிழந்த தென்னைகள்.

2001 ஏப்ரல் 25இல் 'அக்னிகீல' நடவடிக்கையில் முன்னேறிய இராணுவம் மிதிவெடியிலும் ஷெல் மழையிலும் சிக்கி, நூற்றுக்கணக்கானோரை இழந்து சில நாட்களில் பழைய நிலைக்கே திரும்பியது. 2008 ஏப்ரல் 23இலும் ஏறக்குறைய அதே கதை. இறந்தோர் தொகையாக இரு தரப்பும் சொன்னவை ஒன்றுக்கொன்று ஒட்டவேயில்லை. கடைசியில் 2009 ஜனவரியில் தெற்கே கிளிநொச்சி வீழ்ந்த பிறகுதான் புலிகள் முகமாலையை விட்டுப் பின்வாங்கினார்கள். அதுவரை நேருக்கு நேர் மோதி எவராலும் அதை நிலையாக உடைக்க முடியவில்லை. முன்வரிசையில் நின்றவர்கள் சம்பளத்துக்காகப் படையில் சேர்ந்த சிங்களக் கிராமத்துப் பிள்ளைகளும், விரும்பிப் போனவர்களோடு சேர்த்து, வீட்டுக்கொருவர் என்று இழுத்துச் செல்லப்பட்ட வன்னிப் பிள்ளைகளும்.

இதே மாதிரி அகழிகளுக்கு நடுவே மோதிய முதலாம் உலகப் போரில், 1916 ஜூலை 1 அன்று பிரான்ஸின் சோம் ஆற்றுப் பக்கம், ஒரே நாளில் 19,240 பிரித்தானியப் படையினர் இறந்தார்கள். அந்தப் படுகொலைக்கு எந்தச் சமாதானமும் சொல்ல முடியாது. ஆனால் அங்கு போரிட்டு மடிந்து, அறியப்பட்ட கல்லறை இல்லாத 72,000க்கு மேற்பட்டோரின் பெயர்கள் தியெப்வாலில் கல்லில் பொறிக்கப்பட்டுள்ளன. இங்கே பத்தரமுல்லையில் படையினரின் பெயர்கள் உள்ளன. மறுபுறத்தில் புலிகளின் துயிலுமில்லங்கள் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டன. பெயர் பொறித்த கல்லையும் உடைத்த பிறகு, ஒரு தாய் எங்கே போய் விளக்கு வைப்பாள்?

முகமாலை மண் இன்னும் வாய் திறக்கிறது. வெயிலில் முழந்தாளிட்டு, வாரியால் மண்ணை அங்குலம் அங்குலமாகச் சுரண்டி மிதிவெடி தேடுகிறார்கள் பணியாளர்கள். அவர்களில் பலர் குடும்பப் பாரம் சுமக்கும் பெண்கள். 2020 மே மாதம் அப்படித் தோண்டுகையில் மனித எலும்புகளும் சீருடைத் துணியும் வெளிப்பட்டன.

மிதிவெடித் தடை உடன்படிக்கையின்படி இலங்கை 2028 ஜூன் 1க்குள் இந்த நிலங்களைத் துப்புரவாக்க வேண்டும். அந்தத் திகதிக்கு முன் இன்னொரு வேலையும் நடந்தாக வேண்டும். முகமாலையில் இறந்தவர்கள், காணாமற்போனவர்கள் அனைவரையும் சீருடை பாராமல் பெயர், ஊர், திகதியோடு காணாமற்போனோர் அலுவலகம் பதிவு செய்யட்டும். கிடைக்கும் எலும்புகளை மரபணுச் சோதனைக்கு அனுப்பி, முடிவை முதலில் குடும்பத்தாரிடம் சொல்லட்டும். பட்டியல் தமிழிலும் சிங்களத்திலும் வெளியாகட்டும்.