அடிபட்டவனே நீதிபதி!

அமெரிக்காவில் ராஜா கிடையாது. இது பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் அங்கே ஓய்வு நாட்களில் மட்டும் சில ராஜாக்கள் தோன்றுகிறார்கள்! கிரீடம் உண்டு. ராணி உண்டு. கவசம் அணிந்த வீரர்களும் உண்டு.

"இது என்ன கூத்து?" என்கிறீர்களா? கேளுங்கள்.

கொல்லையில் பிறந்த ராஜ்யம்

கலிபோர்னியா மாகாணத்தில் பெர்க்லி என்று ஓர் ஊர். 1966-ம் ஆண்டு மே 1-ந் தேதி, டயானா பாக்சன் என்ற கல்லூரி மாணவி தன் வீட்டுக் கொல்லையில் ஒரு விருந்து வைத்தார். நண்பர்கள் பழைய காலத்து ஐரோப்பிய உடையில் வந்தார்கள். கத்திச் சண்டை நடந்தது. ஜெயித்தவர் தம் தோழிக்கு முடி சூட்டினார். கடைசியில், "இருபதாம் நூற்றாண்டை எதிர்க்கிறோம்" என்று சொல்லி, தெருவில் பாடிக்கொண்டே ஊர்வலம் போனார்கள்!

அந்த ஒரு நாள் வேடிக்கை, "சொசைட்டி ஃபார் கிரியேட்டிவ் அனாக்ரனிசம்" என்ற சங்கமாக வளர்ந்தது. இன்று உலகத்தில் அதற்கு 20 ராஜ்யங்கள். அந்த மே 1-ந் தேதியில் இருந்துதான் அவர்கள் ஆண்டுக் கணக்கே வைத்திருக்கிறார்கள்.

1972-ல் இரண்டு ராஜ்யங்கள் போருக்கு நின்றன. அதற்குப் பென்சிக் யுத்தம் என்று பெயர். ஒரு ராஜா பக்கத்து ராஜ்யத்துக்குச் சவால் விட்டாராம். பதில் வரவில்லை. பிறகு அவரே அந்த ராஜ்யத்துக்குக் குடிபோய், அங்கேயும் ராஜா ஆகி, தம் சவாலைத் தாமே ஏற்றாராம். தோற்றும் போனாராம்! சங்கத்தார் இன்றும் இதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

பிரம்புக் கத்தி

அங்கே ராஜா ஆவது பிறப்பினால் அல்ல, ஓட்டினாலும் அல்ல. சண்டையில் ஜெயிக்க வேண்டும். சில மாதம் ஆண்டபின் கிரீடத்தை இறக்கிவிட வேண்டும்.

கத்தி பிரம்பினால் செய்தது. ஆனால் அடி நிஜ அடி. கையில் பட்டால் அந்தக் கையை உபயோகிக்கக் கூடாது. காலில் பட்டால் மண்டியிட்டுச் சண்டை போட வேண்டும். தலையில் பலமாகப் பட்டால் "செத்து" விழ வேண்டும்.

அடி சரியாகப் பட்டதா என்று சொல்வது யார்? அங்கேதான் விசேஷம். மேற்பார்வை பார்க்க ஆட்கள் உண்டு. ஆனாலும் தீர்ப்புச் சொல்பவர் அடிபட்டவரே!

"பொய் சொன்னால்?" என்று கேட்பீர்கள். சொல்லலாம். அப்படிப்பட்டவருக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர், "காண்டாமிருகத் தோல்". நாம் எருமைத் தோல் என்கிறோமே, அதுதான்!

எது நிஜம்?

"வேஷம் போட்டு ஆடுகிறார்கள், இதில் என்ன இருக்கிறது?" என்று சிலர் கேட்கலாம். அந்தக் கேள்வியில் நியாயம் உண்டு. ஐரோப்பாவின் அந்தக் காலம் பட்டும் கிரீடமும் மட்டும் அல்ல. பண்ணை அடிமைகள் இருந்தார்கள். கொள்ளை நோய் கோடிக்கணக்கானவர்களை வாரிக்கொண்டு போயிற்று. விளையாட்டில் அதை விட்டுவிடலாம், மறந்துவிடக் கூடாது.

ஆனால் என் கருத்து இதுதான்: அவர்கள் கிரீடம் பொய், கொள்கை மெய். இறுதிச் சண்டையில் தோற்றவர் "பட்டது" என்று ஒப்புக்கொண்டால்தான் எதிரிக்கு முடி. தன் ஆசையைத் தன் வாயாலேயே முடித்துக்கொள்ள எவ்வளவு மனத் திடம் வேண்டும்!

ஜெயிப்பதற்குப் பலம் போதும். "தோற்றேன்" என்று சொல்லத்தான் வீரம் வேண்டும். பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சாமான் வாங்கிக் கொடுக்கும் பெற்றோர், இந்த ஒரு வார்த்தையையும் சேர்த்துக் கொடுக்கட்டும்.