பின்சீட்டில் ஒருமுறை உட்கார்ந்து பாருங்கள்

"15 வருஷ வண்டிக்கு 8,000 ரூபாயா? தள்ளிவிட்டுட்டுப் புதுசு எடுங்க சார்." ஆபீஸில் மூன்று பேர் இதையே சொல்லிவிட்டார்கள். மூவரும் என்னைப் போலவே ஊராருக்குக் கார் லோன் போட்டுக் கொடுப்பவர்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன் :-)

என்னுடைய வாகன்ஆர் 2010 மாடல். புனேக்கு மாற்றலாகி வந்ததும் சி.என்.ஜி. போட்டேன். டிக்கியில் இரும்பு சிலிண்டர் ஏறியது. காலியாக இருந்தாலே ஓர் ஆள் எடை. அதாவது, நான்கு பேர் ஏறும் வண்டியில் ஐந்தாவதாக ஒருவர் இறங்காமலே உட்கார்ந்திருக்கிறார். வண்டியின் பின்பக்கம் மெல்ல மெல்லத் தாழ்ந்திருக்கிறது. தினமும் பார்க்கிற எனக்குத் தெரியவில்லை. ஸ்பீட் பிரேக்கரில் பின்னால் 'டங்' என்று ஒரு சத்தம் வரும். பாட்டைக் கொஞ்சம் கூட்டி வைத்தால் கேட்காது. இரண்டு வருஷம் அப்படித்தான் ஓட்டினேன்.

போன வருஷம் அம்மா கரூரிலிருந்து வந்திருந்தபோது பண்டரிபுரம் கூட்டிப் போனேன். போக வர 400 கிலோமீட்டருக்கு மேல். திரும்பி வந்து இரண்டு நாள் அம்மா படுக்கையை விட்டு எழவில்லை. கேட்டால், "ஒண்ணுமில்ல சாமி, வயசாச்சில்ல" என்றார். உண்மையைச் சொன்னது மகள்தான். "அப்பா, ஸ்பீட் பிரேக்கர் வந்தா பாட்டி ரெண்டு கையையும் சீட்டுல ஊனி எந்திரிச்சுக்குவாங்க. நீங்க பாக்கவே இல்ல."

அடுத்த ஞாயிறு சாவியை மனைவியிடம் கொடுத்துவிட்டுப் பின்சீட்டில் உட்கார்ந்தேன். 6 கிலோமீட்டர்தான். போதும் போதும் என்றாகிவிட்டது. ஸ்டியரிங் பிடிப்பவன் இரண்டு அச்சுக்கும் நடுவே உட்கார்கிறான். மேடு வருவதும் அவனுக்கு முன்கூட்டியே தெரியும். பின்சீட்டுக்காரர்கள் பின்சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்திருக்கிறார்கள், முன்னால் வருவதும் தெரியாது. நம் குடும்பங்களில் அந்த இடம் யாருக்கு? வயசானவர்களுக்கும் குழந்தைகளுக்கும். பின்பக்க ஸ்பிரிங் மாற்றுவது தண்டச் செலவு என்று தீர்ப்புச் சொல்கிறவர்கள் எல்லோரும் முன்சீட்டுக்காரர்கள்.

முதலில் போன ஒர்க்‌ஷாப்பில் ஸ்பிரிங் வளையங்களுக்கு நடுவே ரப்பர் பஃபர் செருகிவிடலாம், வண்டி தூக்கிக்கொள்ளும் என்றார்கள். தூக்கிக்கொள்ளும்தான். ஆனால் ரப்பர் பிடித்த வளையம் அசையாது. மிச்ச வளையங்கள்தான் எல்லாச் சுமையையும் வாங்க வேண்டும். ஸ்பிரிங் விறைத்துப் போகும், இடி இன்னும் பலமாக முதுகுக்கு ஏறும். வாராக்கடனுக்குப் புதுக்கடன் கொடுத்துப் பழைய கணக்கை நேர்செய்வது போன்ற வேலை. எங்கள் தொழிலில் பார்க்காததா?

ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றல்ல என்பதையே நான் இப்போதுதான் சரியாகப் புரிந்துகொண்டேன். சுமையைத் தாங்குவது ஸ்பிரிங். அமுங்கிய ஸ்பிரிங் ஊஞ்சல் மாதிரி ஆடிக்கொண்டே இருக்காமல் நிறுத்துவது ஷாக் அப்சார்பர். உள்ளே எண்ணெய் சின்னத் துளைகள் வழியாகத் திணறித் திணறிப் போகும், ஆட்டம் சூடாக மாறி அடங்கும். அந்த எண்ணெய் கசிந்துவிட்டால் அது வெறும் குழாய். பின்பக்கத்தை ஒரு மூலையில் அழுத்தி விட்டுப் பாருங்கள். ஒருமுறை எழுந்து நின்றுவிட்டால் பரவாயில்லை. இரண்டு மூன்று முறை ஆடினால் ஷாக் போய்விட்டது. என் வண்டி தலையாட்டிப் பொம்மை மாதிரி ஆடியது.

கடைசியில் ஒரு வயதான மெக்கானிக் கிடைத்தார். ஷாக்கை 'ஷாக்கர்' என்பார், இந்தப் பக்கத்தில் எல்லோருமே அப்படித்தான். இடது வலது இரண்டையும் ஒன்றாகத்தான் மாற்றுவேன், ஒரு பக்கம் மட்டும் என்றால் வேறு ஆளைப் பாருங்கள் என்று கறாராகச் சொன்னார். ஒரு பக்கம் புதுசு, மறுபக்கம் பழசு என்றால் வண்டி கோணிக்கொண்டு நிற்கும், வளைவில் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி நடந்துகொள்ளாது. நியாயம்தான். இந்த வண்டியில் பின்னால் ஸ்பிரிங் தனி, ஷாக் தனி. அச்சைத் தாங்கல் வைத்து மெல்ல இறக்கினால் ஸ்பிரிங் கையோடு வந்துவிடுகிறது. பிரேக் ஹோஸ் இழுபடாமல் மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். வண்டியைக் கீழே இறக்கி, எடை சக்கரத்துக்கு வந்த பிறகுதான் புஷ் போல்ட்டுகளைக் கடைசியாக முறுக்கினார். தொங்கும்போதே முறுக்கினால் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே நின்று சீக்கிரம் கிழிந்துவிடுமாம். நல்ல மெக்கானிக்கை இந்த ஒரு வேலையிலேயே கண்டுபிடித்துவிடலாம்.

ஸ்பிரிங் 2, ஷாக் 2, புஷ், பம்ப் ஸ்டாப், கூலி எல்லாம் சேர்த்து 7,800 ரூபாய். 6 லட்சம் கடன், 9 சதவீத வட்டி, 5 வருஷம் என்று வைத்துக்கொண்டால் மாதத் தவணையே சுமார் 12,450 ரூபாய் வரும். வட்டி மட்டும் ஒன்றே கால் லட்சத்தைத் தாண்டும். என் செலவு ஒரு மாதத் தவணைக்குக்கூடக் காணாது. வண்டியின் சந்தை மதிப்போடு ரிப்பேர் செலவை ஒப்பிடுவதே தப்பான கணக்கு. தேய்மானம் போட்டுப் போட்டு ஏட்டில் மதிப்பு சுழியத்துக்கு வந்த மெஷின் பட்டறையில் ஓடிக்கொண்டுதான் இருக்கும். அந்தப் பணத்துக்கு இன்னும் எத்தனை வருஷம் ஓடும் என்பதுதான் கேள்வி. தரைத்தகடு துருப்பிடித்து ஓட்டையாகியிருந்தால், எஞ்சின் எண்ணெய் குடித்தால், நானும் விற்றுவிடத்தான் சொல்வேன். என் வண்டிக்கு அப்படி ஒன்றுமில்லை. 15 வருஷம் முடிந்து ஆர்.சி.யை இன்னும் 5 வருஷத்துக்குப் புதுப்பித்துவிட்டேன். முன்பு 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலிலிருந்து 5,000. அதைக் கட்டும்போது கேள்வி கேட்காத மூன்று பேர்தான் ஸ்பிரிங்குக்குக் கேட்டார்கள். (தில்லி நண்பர்களுக்குக் கணக்கு வேறு. அங்கே பழைய வண்டி விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது.)

ரோட்டையும் சொல்லாமல் விட முடியாது. இந்திய சாலை காங்கிரஸின் வரையறைப்படி, 25 கி.மீ. வேகத்தில் கடக்கும் வட்ட மேடு 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம் இருக்க வேண்டும். எங்கள் குடியிருப்பு வாசலில் இருப்பது உயரத்தில் அதைத் தாண்டும், அகலத்தில் ஒரு முழம் தேறினால் பெரிய விஷயம். அதை நான் மாற்ற முடியாது.

அம்மா தை பிறந்ததும் வருகிறேன் என்றிருக்கிறார். "கார்லதான் போகணுமா?" என்று போனில் கேட்டார். ஸ்பிரிங் மாற்றியதைச் சொன்னேன். "அதுக்கு எதுக்குச் செலவு?" என்றார். அவரும் அந்த மூன்று பேர் கட்சிதான்.

பி.கு.: பின்பக்கம் தாழ்ந்திருந்தபோது ஹெட்லைட் வெளிச்சம் மேலே பார்த்திருக்கும், யாராவது உயரத்தைத் தட்டிச் சரிசெய்திருப்பார்கள். ஸ்பிரிங் மாற்றிய கையோடு அதையும் சரிபார்க்கச் சொல்லுங்கள். நான் மறந்து, ராத்திரி கம்பாட்கி காட் இறக்கத்தில் ரோடு சரியாகத் தெரியாமல் முழித்தேன்.