பள்ளத்தூர்ச் சிறுமி

"ஆச்சி" என்றால் தமிழ்நாட்டில் குழந்தைகூட "மனோரமா!" என்று சொல்லும். 1,000 படங்களுக்கு மேல் நடித்தவர் அவர். அவருடைய சிறு வயது எப்படி இருந்தது தெரியுமா?

1937-ல் மன்னார்குடியில் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் கோபிசாந்தா. தந்தை கைவிட்டார். தாய் குழந்தையுடன் பள்ளத்தூருக்கு வந்து, வீட்டு வேலை செய்து வளர்த்தார். வறுமையால் படிப்பு பாதியில் நின்றது. பள்ளிக்குப் போகவேண்டிய வயதில் மகள் நாடக மேடை ஏறினாள்.

1958-ல் கண்ணதாசன் தமது "மாலையிட்ட மங்கை" படத்தில் நகைச்சுவை வேடம் கொடுத்தார். கதாநாயகி வேடம் இல்லையே என்று அவர் அதைத் தள்ளவில்லை. 1963-ல் "கொஞ்சும் குமரி"யில் கதாநாயகியாகவே நடித்தார். 1968-ல் "தில்லானா மோகனாம்பாள்" படத்தின் ஜில் ஜில் ரமாமணியை யார் மறப்பார்கள்? 2002-ல் பத்மஸ்ரீ விருது வந்தது. 2015-ல் மறைந்தார்.

திறமையும் உழைப்பும் அவரைக் கரை சேர்த்தன. ஆனால், வறுமையால் பள்ளியை விட்ட எல்லாச் சிறுமிகளும் கரை சேர்வதில்லை. பலருடைய திறமை அடுப்படியிலேயே கருகிப் போகிறது.

உங்கள் தெருவில் அப்படி ஒரு சிறுமி இருக்கிறாளா? அவள் மறுபடியும் பள்ளிக்குப் போக வழி செய்யுங்கள். அதுவே ஆச்சிக்கு நாம் செய்யும் மரியாதை!