நாய்க்கு ஆண்டுதோறும் ஊசி, நமக்கு?

வீட்டில் நாய் வளர்ப்போருக்கு ஆண்டுக்கு ஒருமுறை ஒரு வேலை உண்டு. கால்நடை மருத்துவமனைக்கு அதை இழுத்துச் சென்று ரேபீஸ் தடுப்பூசி போட்டு வரவேண்டும். இதைக் காணும் மாணவியர், "நாமும் முன்னெச்சரிக்கையாக அந்த ஊசியைப் போட்டுக்கொண்டால், ஆண்டுதோறும் கையை நீட்ட வேண்டுமா?" என்று கேட்கின்றனர். வேண்டியதில்லை. ஆனால் இந்தப் பதிலைப் பாதியோடு கேட்டுக்கொண்டு போனால் உயிருக்கே ஆபத்து.

ஊசியினால் இரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்புப் பொருள் நாளடைவில் குறைந்துவிடும் என்பது உண்மைதான். ஆயினும் நம் உடலிலுள்ள சில உயிரணுக்கள் அந்தக் கிருமியின் அடையாளத்தை மறப்பதில்லை. பல ஆண்டுகள் கழித்து ஓர் ஊசி போட்டாலும், முன்பே படித்த பாடத்தைக் கண்ட மாணவியைப்போல் அவை விழித்துக்கொண்டு எதிர்ப்புப் பொருளை மளமளவென்று பெருக்கிவிடும். ஆகவேதான், முன்தடுப்பு ஊசியை முழுமையாகப் போட்டுக்கொண்ட பொதுமக்களுக்கு அவ்வப்போது ஊக்க ஊசி தேவையில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2018இல் தெரிவித்தது. ஆய்வுக்கூடத்தில் அக்கிருமியையே கையாளுவோர் போன்ற, எந்நேரமும் ஆபத்திலிருப்போர் மட்டும் இரத்தத்தைச் சோதித்துப் பார்த்துத் தேவையானால் போட்டுக்கொள்வர்.

சரி, நாய் கடித்துவிட்டால்? "எனக்குத்தான் முன்பே போட்டாயிற்றே" என்று வாளாவிருக்கக் கூடாது. காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். பிறகு அன்றே ஓர் ஊசி, மூன்று நாள் கழித்து மற்றோர் ஊசி. முன்பு போடாதவர்களோ நான்கைந்து முறை மருத்துவமனைக்கு நடக்க வேண்டும். இரத்தம் கசிந்த காயமானால் அதைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்னும் மருந்தையும் செலுத்த வேண்டும். விலை மிகுந்த அம்மருந்து எல்லா ஊர்களிலும் கேட்டவுடன் கிடைத்துவிடாது. முன்பே ஊசி போட்டவர்களுக்கு அது தேவையே இல்லை. முன்தடுப்பின் பெரும்பயன் இதுதான் என்பது என் கருத்து.

"நாய்களுக்கு ஊசி போடாமல் பிள்ளைகளைக் குத்துவானேன்?" என்று பெற்றோர் கேட்கலாம். நாய்களுக்குப் போடுவதே அடிப்படை வேலை, மறுக்கவில்லை. அது ஊரெங்கும் நிறைவேறும்வரை, நாய் வளர்க்கும் வீட்டுப் பிள்ளைகளும், பெரிய மருத்துவமனைக்குத் தொலைவான சிற்றூர்களில் இருப்போருமாவது மருத்துவரைக் கலந்து போட்டுக்கொள்வது நல்லது.

பெற்றோருக்குத் தனியாக ஒரு சொல். சிறுவயதில் தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி போட்டுக்கொண்டவர்கள் உங்களில் இருப்பீர்கள். ஆட்டு மூளையிலிருந்து செய்த அந்தப் பழைய மருந்தின் தயாரிப்பை நம் நாடு 2004 டிசம்பரோடு நிறுத்திவிட்டது. அதைப் போட்டவர்கள் இன்று கடிபட்டால் புதிதாகவே முழுச் சிகிச்சையும் பெறவேண்டும். மருந்து போயிற்று, அதன் பயம் மட்டும் போகவில்லை! "பதினான்கு ஊசி" என்று நாம் பிள்ளைகளை மிரட்டுவதனால், நாய் கீறியதைப் பாவாடைக்குள் மறைத்துக்கொள்ளும் சிறுமியர் உண்டு. நோய்க்குறி தோன்றியபின் அநேகமாக எவரும் பிழைப்பதில்லை என்பதை எண்ணிப் பார்த்தால், அந்த மிரட்டல் எவ்வளவு கொடியது!

இன்னொன்று: ஊசி போட்ட சீட்டு. அது இல்லையேல் முன்பு போட்டதை மருத்துவர் எப்படி நம்புவார்? ரேஷன் கார்டு இருக்கும் பெட்டியிலேயே அதையும் வையுங்கள். விடுதி மாணவியர் அதன் படி ஒன்றை விடுதிச் சகோதரியிடம் கொடுத்துவைக்கலாம்.