சாம்பலுக்குச் சாமரம் வீசுவதா?

நெய்வேலி நம்முடையது. மண்ணுக்கடியில் கிடந்த பழுப்பு நிலக்கரியைக் கொண்டு தமிழகத்தின் இருளகற்றக் காமராசர் பாடுபட்டார். 1956இல் நிறுவனம் பிறந்தது. 1957 மே திங்களில் சுரங்கப் பணியை நேரு தொடங்கி வைத்தார். சோவியத் நாட்டின் துணையோடு எழுந்த அனல்மின் நிலையம் 1962இல் ஒளி தந்தது. அதன் பங்குகளைச் சந்தையில் கூறுபோட தில்லி துணிந்தபோது தொழிலாளர் திரண்டனர், தமிழகம் எதிர்த்தது, 2013இல் தமிழக அரசின் நிறுவனங்களே அப்பங்குகளை வாங்கின.

அந்த உரிமையோடுதான் கேட்கிறோம்: மின்சாரம் நமதென்றால், சாம்பலிலுள்ள நஞ்சு யாருடையது?

2023 ஆகஸ்டில் பூவுலகின் நண்பர்களும் மந்தன் அத்யயன் கேந்திரமும் ஓர் ஆய்வறிக்கையை வெளியிட்டன. நெய்வேலியை அடுத்த வடக்கு வெள்ளூரில் எடுத்த நீரில் பாதரசம், அனுமதிக்கப்பட்ட அளவைப்போல் 250 மடங்கு இருந்ததாக அது கூறியது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானே முன்வந்து அதனை வழக்காக எடுத்துக்கொண்டது. குடிநீரில் பாதரசத்திற்கு நம் நாட்டுத் தரவிதி அளித்துள்ள இடம் எவ்வளவு தெரியுமா? லிட்டருக்கு 0.001 மில்லிகிராம்!

இதனைப் பேசினால் நம்மவரிலேயே சிலர் முகம் சுளிக்கின்றனர். "பொதுத்துறையைக் குறை கூறலாமா? தனியார்மயம் பேசுவோன் கையில் தடியெடுத்துக் கொடுப்பதாகாதா?" என்கின்றனர். கொடைக்கானலில் வெப்பமானி ஆலையின் பாதரசக் கழிவு 2001இல் அம்பலமானபோது, அது பன்னாட்டு முதலாளியின் ஆலை என்பதால் நாம் வாய் திறக்கத் தயங்கவில்லை. தனியார் கொட்டினால் நஞ்சு, அரசு கொட்டினால் தீர்த்தமா? நிலத்தையும் வீட்டையும் சுரங்கத்திற்குக் கொடுத்துவிட்டு வந்த உழவன், இன்று குடத்து நீரைக் கண்டே அஞ்சுவானாகில், நாளை ஆலையை ஏலம் போட வருவோரைத் தடுக்க அவன் எதற்காக வீதிக்கு வருவான்? தடியெடுத்துக் கொடுப்பது நமது பேச்சன்று, தோழர்களே! நமது மௌனம்!

"துளியளவுதானே?" என்பது அடுத்த சமாதானம். நிலக்கரியில் பாதரசமும் ஆர்சனிக்கும் ஈயமும் காட்மியமும் துளியளவுதான் உண்டு. ஆனால் கரி எரிந்து தீர்கிறது; உலோகம் எரிந்து தீர்வதில்லை. ஒரு பகுதி சாம்பலில் செறிகிறது. பாதரசத்தின் பெரும்பகுதியோ ஆவியாகிப் புகைபோக்கி வழியே வெளியேறி, பின் மண்ணிலும் நீரிலும் இறங்குகிறது. ஆண்டுக்கணக்கில் எரித்தால் துளி, துளியாகவே இருக்குமா? 1962இல் ஒளி தந்த முதல் நிலையம் 2020இல் ஓய்வு பெற்றுவிட்டது. அதன் சாம்பலுக்கு ஓய்வில்லை!

"ஆறு அடித்துச் செல்லும், கடல் கரைத்துவிடும்" என்பது மூன்றாவது சமாதானம். நெய்வேலிச் சுரங்கநீர் பரவனாற்றில் இறங்குகிறது. பரவனாறு பெருமாள் ஏரியை அடைந்து, கடலூர் முதுநகர்ப் பக்கம் உப்பனாற்றோடு கடல் சேர்கிறது. உப்பனாற்றங்கரையிலோ சிப்காட் ரசாயன ஆலைகள்! நீர் ஓடிவிடும், சேறு தங்கிவிடும். மென்மையான கழிமுகச் சேறு உலோகத்தை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும் இயல்புடையது. அலையாத்திக் காடுகளின் வேர்களோ அத்தகைய சேற்றையே தேக்கி வைப்பவை. காற்றுப் புகாத அச்சேற்றில் வாழும் நுண்ணுயிர்கள் பாதரசத்தை மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. புழுவுக்குள் போனது சிறுமீனுக்கு. சிறுமீனுக்குள் போனது பெருமீனுக்கு. இறுதியில் மீனவர் வீட்டுக் குழம்புச் சட்டிக்கு!

பிச்சாவரத்துச் சேறு நெய்வேலியால் கெட்டது என்று நாம் குற்றஞ்சாட்டவில்லை. அது வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்திற்கும் இடைப்பட்ட காடு. பரவனாற்றின் சேற்றை, வடக்கு வெள்ளூர் தொடங்கி முகத்துவாரம் வரை, படிப்படியாக அளந்து சொல்லுங்கள் என்றே கேட்கிறோம். அளந்தாலன்றோ நெய்வேலியின் பங்கு எவ்வளவு, சிப்காட்டின் பங்கு எவ்வளவு என்பது புலப்படும்!

சப்பானின் மினமாட்டா விரிகுடாவை நினைவில் கொள்ளுங்கள். நெய்வேலி நிறுவனம் பிறந்த அதே 1956இல் அங்கே பாதரச நோய் வெளிப்பட்டது. சிசோ ஆலை கழிவைக் கொட்டுவதை நிறுத்தியது 1968இல்! "சான்று போதாது, சான்று போதாது" என்று கடத்திய அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு விலை கொடுத்தோர் மீன் தின்ற ஏழைகள்.

இங்கும் காலங்கடத்தல்தான் நடக்கிறது. அனல்மின் நிலையப் புகைக்கு 2015 டிசம்பரில் ஒன்றிய அரசு புதிய வரம்புகள் விதித்தது; பாதரசமும் அவற்றில் ஒன்று. கெடு 2017. அக்கெடு பின்னர் மீண்டும் மீண்டும் தள்ளிப்போடப்பட்டது. கெடு நகரலாம், மூச்சு காத்திருக்குமா?

2023 சூலையில் பரவனாற்றுக்குப் புதுக் கால்வாய் வெட்ட, வளையமாதேவியில் விளைந்து நின்ற நெற்பயிர் மீது இயந்திரம் ஏறியது. பயிர்மீது இயந்திரம் ஏற்ற முடிந்த நிர்வாகத்திற்கு, அதே ஆற்றின் சேற்றைச் சோதித்து முடிவை ஒவ்வோர் ஊராட்சிப் பலகையிலும் தமிழில் எழுதி வைப்பது இயலாத காரியமா? சாம்பலை அள்ளும் ஒப்பந்தத் தொழிலாளிக்கும் ஏரிக்கரை மக்களுக்கும் இரத்தப் பரிசோதனை செய்வது எட்டாக் கனியா? பழுதுபட்ட நீர்நிலை உள்ள ஊர்களுக்கு நல்ல குடிநீர் தருவது கருணையா, கடமையா?

கிளைதோறும் இக்கோரிக்கைகளைத் தீர்மானமாக்குங்கள்! ஆலை வாயிலில் தொழிலாளியும் ஏரிக்கரையில் உழவனும் துறைமுகத்தில் மீனவனும் ஒரே குரலில் கேட்கட்டும்! நெய்வேலி நமது என்னும் முழக்கம் அன்றுதான் முழுமை பெறும். நமது வீட்டு அடுப்பின் சாம்பலை அண்டை வீட்டுக் கிணற்றில் கொட்டிவிட்டு, அடுப்பு நமதென்று பெருமை பேசுவது தமிழன் மரபன்று!