கரண்ட் சட்டை போட்டால் சர்வ் பறக்குமா?

போன மாதம் ஒரு அம்மா, டென்னிஸ் ஆடும் தன் 13 வயது மகளோடு என் கிளினிக்குக்கு வந்தார். கையில் ஏதோ ஜிம்மின் விளம்பர அட்டை. உடம்போடு ஒட்டிய கறுப்புச் சட்டையை மாட்டி, அதற்குள் கரண்ட் விட்டு, மணிக்கணக்கில் ஜிம்மில் வாங்கும் பலனை 20 நிமிஷத்தில் தருகிறார்களாம். “இவ ரேங்கிங் ஏறவே மாட்டேங்குது மேடம். இதப் போட்டா சர்வ் ஸ்பீடு கூடுமா?” என்றார். மகள் வாயே திறக்கவில்லை. கிட் பையின் ஜிப்பைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள்.

நான் பிசியோதெரபிஸ்ட். 22 வருஷமாகப் பிறர் தசைக்குக் கரண்ட் வைத்துத்தான் சாப்பிடுகிறேன். அதனால் கரண்டைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. எதற்கு வைக்கலாம், எதற்கு வைக்கக் கூடாது என்பதில்தான் எனக்குச் சண்டை.

நம் ஊரில் எல்லாமே ‘கரண்ட் வைக்கிறது’தான். மூட்டுவலிக்கு வைக்கும் ஐ.எஃப்.டி.யும் டென்ஸும் வலியை மட்டுப்படுத்துபவை; அவற்றால் தசைக்குப் பலம் ஏறாது. நான் பேசுவது ஈ.எம்.எஸ். பற்றி. தோலில் ஒட்டிய பேட் வழியாகப் போகும் மின்துடிப்பு, தசைக்குப் போகிற நரம்பைத் தூண்டும். மூளை கட்டளையிடாமலே தசை இறுகும்.

அதன் அருமையை எனக்குக் காட்டியவன் 19 வயது டென்னிஸ் பையன் ஒருவன். முழங்காலில் ஏ.சி.எல். ஆபரேஷன் முடிந்து இரண்டாவது வாரம் வந்தான். காலை நீட்டித் தொடையை இறுக்கச் சொன்னேன். முகம் சிவந்ததே தவிர தொடை அசையவில்லை. “என் கால் நான் சொல்றதக் கேக்கல அக்கா” என்றான். மூட்டு வீங்கியிருக்கும்போது தொடையின் முன்தசைக்குப் போகும் கட்டளையை உடம்பே தடுத்துவிடும். எவ்வளவு மனோதிடம் இருந்தாலும் அந்தத் தடையைத் தாண்ட முடியாது. இரண்டு பேட் ஒட்டி, மெல்ல மெல்லக் கரண்டை ஏற்றினேன். தசை திரண்டு எழுந்தது. யாருடைய காலையோ பார்ப்பதுபோல் பார்த்தான். “கரண்ட் இறுக்கும்போது நீயும் சேர்ந்து இறுக்கு” என்றேன். சில வாரத்தில் கரண்ட் இல்லாமலே காலைத் தூக்கினான். அங்கே மெஷினுக்கு அவ்வளவுதான் வேலை. தூங்குகிறவனை எழுப்பிவிட்டு ஒதுங்கிக்கொள்ள வேண்டும்.

சரி, நல்ல காலுக்கு வைத்தால்? இந்த ஆசை புதிதல்ல. 1970களில் சோவியத் ஆய்வாளர் யாகோவ் கோட்ஸ், 10 விநாடி இறுக்கம், 50 விநாடி ஓய்வு என்று பத்து முறை வைத்து, விளையாட்டு வீரர்களின் பலத்தை 40 சதவீதம் வரை கூட்டியதாகச் சொன்னார். மேற்கத்திய ஆய்வுக்கூடங்கள் முயன்று பார்த்தன. அந்த அளவு கைக்கு எட்டவில்லை. ஆனாலும் பலன் இல்லாமலில்லை. 2009-இல் நிக்கோலா மாஃபியுலெட்டி என்ற ஆய்வாளரும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வில், போட்டி ஆடும் 12 டென்னிஸ் ஆட்டக்காரர்களுக்கு மூன்று வாரம், ஒன்பது முறை, தொடையில் மட்டும் ஈ.எம்.எஸ். வைத்தார்கள். தொடை பலம் கூடியது. தாவும் உயரமும் குறுகிய ஓட்டமும் மேம்பட்டன. மெஷின் விற்பவர்கள் இதைத்தான் காட்டுகிறார்கள்.

2003-இல் வாலிபால் வீரர்களிடம் செய்த ஆய்வை யாரும் காட்டுவதில்லை. ஒற்றைத் தாவலின் உயரம் அங்கே கூடியது, ஈ.எம்.எஸ். முடிந்து பத்து நாள் கழித்துத்தான். அந்தப் பத்து நாளும் அவர்கள் வாலிபால் பயிற்சியை விடவில்லை. கரண்ட் கொடுத்த பலத்தை எப்போது, எவ்வளவு செலவழிப்பது என்று கால் கோர்ட்டில்தான் கற்றுக்கொண்டது என்றே நான் இதைப் படிக்கிறேன்.

நாமாக இறுக்கும்போது உடம்பு சின்ன நார்களில் தொடங்கி, தேவைக்கேற்பப் பெரியவற்றை அழைக்கும். கரண்டுக்கு அந்த நிதானம் கிடையாது. பேட்டுக்கு அருகில் சிக்கிய நார்களையே திரும்பத் திரும்ப வேலை வாங்கும். தசை சீக்கிரம் களைத்துப்போவது அதனால்தான். சட்டை மாட்டினால் இன்னொரு கூத்து: தொடையின் முன்புறமும் பின்புறமும் வயிறும் முதுகும் ஒரே நேரத்தில் இறுகும். சர்வ் அப்படியா பிறக்கிறது? கால் தரையை உதைக்க, அந்த உந்துதல் இடுப்புக்கு ஏறி, முதுகு, தோள், முழங்கை, மணிக்கட்டு என்று ஒன்றன்பின் ஒன்றாகப் போய் ராக்கெட்டில் வெடிக்கிறது. ஒன்று இறுகும்போது இன்னொன்று விட்டுக்கொடுக்க வேண்டும். எல்லாம் சேர்ந்து இறுகினால் அதற்குப் பெயர் சர்வ் இல்லை, விறைப்பு.

பலன் இல்லையென்றால் காசோடு போயிற்று என்று விடலாம். இது உடம்போடும் போகலாம். முதல் நாளே அளவுக்கு மீறிக் கரண்டை ஏற்றினால் தசைநார் சிதைந்து, அதன் சரக்கு ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைத் தாக்கலாம். இஸ்ரேலில் இப்படி ஜிம்மிலிருந்து மருத்துவமனைக்குப் போனவர்கள் உண்டு. அந்நாட்டுச் சுகாதார அமைச்சகம் எச்சரிக்கையே விட்டது. முழு உடல் ஈ.எம்.எஸ்.ஸுக்குக் கட்டுப்பாடு வேண்டும் என்று 2016-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு கடிதம் வந்தது. அதில் கையெழுத்திட்டவர்களில் ஒருவர் யார் தெரியுமா? டென்னிஸ்காரர்களின் தொடைக்குக் கரண்ட் வைத்துப் பலன் கண்ட அதே மாஃபியுலெட்டி. தொடைக்கு இரண்டு பேட் ஒட்டுவதும் உடம்பு முழுக்கச் சட்டை மாட்டுவதும் ஒன்றல்ல என்று அவரைவிட யார் சொல்ல முடியும்?

ஜெர்மனியில் இதை ஆராய்பவர்களே, முதல் எட்டு, பத்து வாரத்துக்கு வாரம் ஒரு முறைக்கு மேல் வேண்டாம், முதல் நாள் களைப்பின் எல்லைக்கே போகக் கூடாது என்கிறார்கள். அந்த அட்டையிலோ ‘வாரம் மூன்று முறை, முதல் வாரம் சலுகை’ என்று இருந்தது. மே மாத வெயிலில் காலை முழுக்க ஆடி, உடம்பில் நீர் வற்றி வருகிற பிள்ளைக்கு!

அன்று மாலை கோர்ட்டுக்குப் போய் அந்தப் பெண் ஆடுவதைப் பார்த்தேன். நல்ல கை. ஆனால் எதிராளி பந்தை அடிக்கும் நொடியில் இரண்டு பாதமும் தரையோடு ஒட்டிக் கிடந்தன. ஸ்பிலிட் ஸ்டெப் என்கிற அந்தச் சின்னத் துள்ளல் இல்லை. ஒவ்வொரு பந்துக்கும் அரையடி பிந்திப் போய்ச் சேர்ந்தாள். இதற்குக் கரண்ட் எங்கே வைப்பது? ஒரு ஸ்கிப்பிங் கயிறும், வாரம் இரண்டு நாள் உடற்பயிற்சியும், நல்ல தூக்கமும் சொல்லி அனுப்பினேன். அம்மாவுக்கு முகம் வாடிவிட்டது. இவ்வளவு தூரம் வந்து கயிறா என்று நினைத்திருப்பார்.

வளர்ந்த ஆட்டக்காரர்கள் சீசனுக்கு முன், தெரிந்த பிசியோவை வைத்துக்கொண்டு தொடைக்கு வைத்துப் பார்க்கட்டும், நானே வைத்துவிடுகிறேன். பேஸ்மேக்கர், வலிப்பு, கர்ப்பம் இருந்தால் அதுவும் கூடாது. பிள்ளைகளுக்குச் சட்டை வேண்டவே வேண்டாம். ஏற்கெனவே போட்டுவிட்டீர்கள், ஓரிரு நாளில் தசை தாங்க முடியாமல் வலிக்கிறது, சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போகிறது என்றால் என்னிடம் வராதீர்கள். நேராகப் பெரிய மருத்துவமனைக்குப் போய், கரண்ட் வைத்ததைச் சொல்லி, ரத்தத்தில் சி.கே. அளவைப் பார்க்கச் சொல்லுங்கள்.